இத்தாலியக்காரி வாய் திறந்த சனிக்கிழமை

9 மே 1999, ஞாயிறு

என் கண் ரந்தாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடவுள் தயவில் நலமாக இருக்கிறோம், அப்பாவின் சர்க்கரை மட்டும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்குகிறது, என் முழங்கால் மழை வருவதை ஒருநாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளை கமீலும் உன் வயிற்றில் இருக்கிற தங்கமும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கால் வீங்குகிறது என்று சொன்னாயே, சாயங்காலம் தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படு, உப்பைக் குறை, சோம்பு கொதிக்க வைத்துக் குடி. பாத்திரம் கழுவ நின்றுகொண்டே இருக்காதே, கமீல் கழுவட்டும், அவன் கை ஒன்றும் தேய்ந்துவிடாது, ஆனால் அதைச் சிரித்துக்கொண்டே சொல், சண்டையாகச் சொல்லாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "அம்மா, டிக்கெட் எடுத்தாச்சா, விசா இந்த மாசக் கடைசியோட முடியுதும்மா" என்று கேட்டாய், நான் இந்த வருஷம் பச்சை வாதுமை சிறுத்துப்போய்விட்டது என்று பதில் சொன்னேன். நீ அந்தப் பக்கம் பேசாமல் இருந்தாய். அந்த மௌனம் ஒரு வாரமாக என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. போன் இருப்பது கூடத்தில், போனுக்குப் பக்கத்தில் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு உம் நபீலின் காது. அதில் நான் எதைச் சொல்ல. அதனால்தான் கடிதம். நம் பாதிரியாரின் தங்கை செவ்வாய்க்கிழமை உன் ஊர் ஹாலிஃபாக்ஸுக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். விமானத்தில் பொழுது போகாமல் பிரித்துப் படித்தாலும் படிப்பாள், படிக்கட்டும், பாதி விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும், மீதியையும் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும்.

அக்டோபரில் நீ உண்டாகியிருக்கிறாய் என்று சொன்ன அன்று அப்பா போனுக்கே முத்தம் கொடுத்தாரே, "ரெண்டு பேரும் வர்றோம், என் பேத்திய நான்தான் முதல்ல தூக்குவேன்" என்றாரே, போனை வைத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, என்னிடம் வந்து "முதல்ல அவ வாயத் திறக்கட்டும் விதாத், அவ குரலை ஒரு தடவை கேட்டுட்டுக் கிளம்பறேன்" என்றார். எவள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை கடப்பாரையை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போய்க் காரை மறைத்துக் கட்டின சுவரை இடித்தார். அந்தக் காரை நான் இத்தாலியக்காரி என்றுதான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும், சக்களத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எனக்கில்லை. உன் கல்யாணத்துக்கும் இப்படித்தான் நடந்தது. விசா வந்து, பெட்டி கட்டி, உனக்கு எடுத்த துணியெல்லாம் மடித்து வைத்த பிறகு, கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது மூச்சு முட்டுகிறது என்று படுத்தார். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். படுத்திருக்கிற மனுஷனை விட்டுவிட்டு நான் எப்படிப் புறப்பட? என் ஒரே பிள்ளையின் கல்யாணத்தை வீடியோ கேசட்டில் பார்த்தேன், அதிலும் நீ மோதிரம் மாற்றுகிற இடத்தில் கரண்ட் போய்விட்டது. உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. அன்று இரவு முழுக்க எனக்கு அப்பாவைப் பிடிக்கவேயில்லை.

அந்தக் கார் உள்ளே போனபோது உனக்கு எட்டு வயது, பாதி நினைவிருக்கும். எழுபத்தாறில், உள்நாட்டுச் சண்டையில், ஆயுதக்காரர்கள் வீடு வீடாக வந்து வண்டிகளைக் கேட்டார்கள், கேட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மலைப்பந்தயத்தில் மூன்று வருஷம் வரிசையாக ஜெயித்த வண்டியைக் கொடுக்க அப்பாவுக்கு மனசு வருமா, நிலவறையில் எண்ணெய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் தள்ளி, கல்லை அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்து, முன்னால் சுவர் எழுப்ப ஆள் பேசினார். சுவர் எழும்புவதற்கு முன்னால் அவர் சைப்ரஸ் படகைப் பிடிக்க வேண்டியிருந்தது, அவர் பேர் எந்தப் பட்டியலிலோ இருக்கிறது என்று சொன்னார்கள். கிளம்புகிற அவசரத்தில் எஞ்சினின் ஆறு பிளக்கையும் கழற்றி, இந்த ஓட்டைகளில் ஒவ்வொரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மூடிவிடு, இல்லாவிட்டால் துருப்பிடிக்கும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் போய்ப் பார்த்தால் எண்ணெய் டப்பாக்களை அந்தப் பயல்கள் முந்தின நாளே தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கொத்தனார் வாசலில் நின்று "சீக்கிரம் அக்கா, இருட்டறதுக்குள்ள நான் ஊர் தாண்டணும்" என்கிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா. குழந்தை உடம்புக்கு எதைத் தேய்க்கிறோம், புண்ணுக்கு எதைத் தடவுகிறோம், கீச்சிடுகிற கதவுக்கும் சாமி விளக்குக்கும் எதை விடுகிறோம். ஆலிவ் விளைகிற நம் கூரா மண்ணில் பிறந்தவளுக்கு வேறு என்ன தோன்றும். அந்த வருஷத்து முதல் பிழிவு ஆலிவ் எண்ணெய், பச்சைப்பசேல் என்று இருந்தது, கரண்டி போதாது என்று ஓட்டைக்கு ஒரு காபிக் கோப்பை அளவு ஊற்றினேன். நல்ல பண்டம் ஊற்றினோம் என்று எனக்குப் பெருமைகூட. இருபத்திரண்டு வருஷம் அதை யாரிடமும் சொல்லவில்லை, முதலில் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்ததால், பிறகு சொல்லப் பயந்ததால்.

அக்டோபரில் திரிப்போலியிலிருந்து மெக்கானிக் நெர்செஸ் வந்தார். அந்தக் காலத்தில் பந்தயங்களுக்கு அப்பாவின் வண்டியைத் தயார் செய்தவர், இப்போது பட்டறையை மூத்தவனிடம் கொடுத்துவிட்டு மருமகளின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் எங்கே கூப்பிட்டாலும் வருவார். எஞ்சின் முன்னால் இருக்கிற பெரிய நட்டில் ஒரு கை நீளக் கம்பியை மாட்டி இரண்டு பேரும் தொங்கினார்கள், ஒரு மயிரிழை அசையவில்லை. பிஸ்டன் ஆறும் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டன, ஜாம். அப்பா மேலே வந்து "ஈரம், எல்லாம் இந்த நிலவறை ஈரம் பண்ணின வேலை" என்றார். நான் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. நெர்செஸ் கியர் எண்ணெயும் நகச்சாயம் அழிக்கிற திரவமும் பாதிப் பாதி கலந்து ஓட்டைகளில் ஊற்றினார், ஊறட்டும், அடுத்த சனிக்கிழமை பார்ப்போம் என்றார். அப்பா அவசரப்பட்டுச் சுத்தியலைத் தேடியபோது, எப்போதும் போல் ரந்தாவின் அப்பா என்று உன் பேரால் கூப்பிட்டு, "வலுக்கட்டாயமாத் திருப்பினா ரிங் ஒடையும் அபு ரந்தா, உனக்கு அவசரம்னா கல்லறைக்குப் போ, எஞ்சின்கிட்ட வராத" என்றார். அந்தத் திரவத்தை வாங்க அமியூன் மருந்துக்கடைக்கு நான்தான் போவேன், எட்டாவது பாட்டில் வாங்கும்போது கடைக்காரன் பெண்டாட்டி "உனக்கு எத்தனை விரல் விதாத்" என்று கேட்டாள். சனிக்கிழமை தோறும் ஊற்றுவது, சனிக்கிழமை தோறும் கம்பியில் தொங்குவது, சனிக்கிழமை தோறும் அப்பா மேலே வந்து தலையை ஆட்டுவது. கிறிஸ்துமஸ் போயிற்று, பனி போயிற்று, நோன்பு வந்தது. அதற்குள் கார்புரேட்டர் மூன்றையும் பிரித்துக் கழுவினார்கள், பெட்ரோல் டாங்கியில் கூழாங்கல் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார்கள், எல்லாம் ஆயிற்று, எஞ்சின் மட்டும் திரும்பவில்லை. நீ போன் பண்ணுவாய், மாதம் நான்கு என்பாய், ஐந்து என்பாய், எனக்குக் கீழே கம்பி, மேலே போன். என் எண்ணெய்தான் உன்னிடம் வரவிடாமல் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைத்து நினைத்து வெந்துபோனேன் ரந்தா.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அந்த வண்டி ஓடினாலும் வெளியே வர வழி கிடையாது. எண்பத்து மூன்றில் உன் பாட்டி நடக்க முடியாமல் போனபோது நிலவறையின் பெரிய வாசலில்தானே அவளுக்குக் குளியலறை கட்டினோம். அப்பா இடித்தது உள்படி இறங்குகிற பக்கத்துச் சுவரை, ஆள் நுழைகிற அகலம்தான். குளியலறையை இடித்தால் மேலே இருக்கிற படுக்கையறை இறங்கிவிடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டான். இதை ஒருநாள் கேட்டேன். அப்பா "நான் ஓட்டறேன்னா சொன்னேன், குரல் கேக்கணும்னுதானே சொன்னேன்" என்றார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை அப்பா பக்கத்து ஊருக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தார். திராட்சை இலைக்குப் பூரணம் வைக்க எண்ணெய் வேண்டும் என்று நிலவறைக்கு இறங்கினேன். ஜாடியைத் திறந்து கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினால் எதிரே இவள், மூடியைத் திறந்து போட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, மூக்கில் கம்பி மாட்டியிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கம்பியைப் பிடித்து என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன், உடைந்தால் உடையட்டும், என் தலையெழுத்தும் சேர்ந்து உடையட்டும் என்று. உடையவில்லை. திரும்பியது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கம்பி கீழே வந்தது, ஆறு ஓட்டைகளிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் புஸ் புஸ் என்று காற்று வந்தது. மறுபடி மேலே தூக்கி மறுபடி அழுத்தினேன். மறுபடியும் திரும்பியது. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, நான் விடுவித்துவிட்டேன் என்று நினைத்தேன், முட்டாள். பிறகுதான் பார்த்தேன், எஞ்சின் முகப்புச் சக்கரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வரிசையாகக் கோடு போட்டு எண் எழுதியிருந்தது, எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறித்தது. புது எண்ணெய் பளபளத்தது. பக்கத்துப் பெட்டியின்மேல் பகடைப் பலகை திறந்து கிடந்தது, ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. சனிக்கிழமைகளில் கீழே டக் டக் என்று கேட்டதே, ஸ்பேனர் சத்தம் என்று நினைத்துக்கொண்டு நான் மேலே இருந்து அவர்களுக்குத் தின்பண்டம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

உடனே ஏன் கேட்கவில்லை என்று நினைப்பாய். கம்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே வந்து இலையில் பூரணம் வைத்துச் சுருட்டினேன், அவர் வந்தார், பரிமாறினேன், சாப்பிட்டார், இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயம். எஞ்சின் ஜாம் என்று இருக்கிறவரை அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை, நானும் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டால், அவர் வரவில்லை என்று வாயால் சொல்லிவிட்டால், பிறகு நான் இந்த வீட்டில் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டு நாளும் நானும் அவரோடு சேர்ந்து உனக்குப் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை நெர்செஸ் வந்ததும் கீழே போகவிடாமல் சமையலறையில் உட்கார வைத்து ஒரு தட்டு இலைச்சுருள் வைத்தேன். அவர் அர்மீனியர், இத்தனை வருஷம் இங்கே இருந்தும் ஆணைப் பெண்ணாக்கிப் பெண்ணை ஆணாக்கித்தான் பேசுவார், பயந்தால் இன்னும் மோசம். எஞ்சின் எப்போது பிடியை விட்டது என்று மட்டும் கேட்டேன். இலைச்சுருள் தொண்டையில் நின்றுவிட்டது மனுஷனுக்கு. "அண்ணே, என்னை இதுல இழுக்காத அண்ணே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டேன். "நோன்பு மூணாவது சனிக்கிழமையே விட்டுட்டான் அந்த இத்தாலியக்காரி. வால்வு எல்லாம் பார்த்தாச்சு, தங்கமா இருக்கான். உன் புருஷி வெளிய சொல்ல வேணாம்னு சொன்னா, நான் என்ன பண்ண. பகடை ஆடலாம்னு சொன்னா, ஆடினேன்" என்றார். ஐந்து வாரம், ரந்தா. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கீழே இறங்கினேன். அப்பா பலகையில் காய் அடுக்கிக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் என்ன கேட்க நினைத்தேனோ அதைக் கேட்காமல் வேறு ஒன்று வாயில் வந்தது. "நஸ்ரி, எஞ்சின் ஒட்டிக்கிட்டது ஈரத்துனால இல்ல. நான் ஆலிவ் எண்ணெய் ஊத்தினேன்" என்றேன். அப்பா "தெரியும்" என்றார். முதல் பிளக்கைக் கழற்றினபோதே காறல் வாடை வந்ததாம், நெர்செஸ் மோந்து பார்த்து "எஞ்சினுக்கு யாரு சாலட் தாளிச்சது" என்று கேட்டாராம். துருப்பிடிக்கவில்லை, ஆனால் எண்ணெய் காய்ந்து பிசினாகிப் பிஸ்டனைச் சுவரோடு ஒட்டிவிட்டது. "ஊர் உன்னைப் பார்த்துச் சிரிப்பா சிரிக்கக் கூடாதுன்னு ஈரம்னு சொன்னேன்" என்றார். நான் அங்கே இருந்த ஜாடியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். திட்ட வந்தவளை எதைச் சொல்லித் திட்ட விடாமல் பண்ணுகிறார் பார் உன் அப்பா. ஆனாலும் கேட்டேன், இது என் பொய், உன் பொய்யைச் சொல், ஐந்து வாரம் ஏன் என்று. கையில் இருந்த காயைப் பலகையில் வைத்தார். பிறகு "சைப்ரஸ்ல பதினோரு மாசம் இருந்தேன் விதாத். தினம் துறைமுகத்துல போய் உக்காருவேன். ஒருத்தன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடல. இங்க நான் நஸ்ரி, ரோட்டுல போனா நாலு பேர் நிப்பாங்க. அங்க போனா பொண்ணு வீட்டு ஜன்னல் பக்கத்துல ஒரு கிழவன்" என்றார். வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே, எதற்கு இந்த நாடகம் என்றேன். "சொன்னா நீயும் போக மாட்டே. போக மாட்டேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு என் எதிர்லயே உக்காந்திருப்பே. சொல்லலைன்னா நாள் ஓடிடும், விசா முடிஞ்சிரும், யார் மேலயும் பழி இல்ல" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ போகக் கூடாதுன்னும் இருந்துச்சு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷிக்கு மூச்சு விடவே இடமில்லாமல் போகிறது. உன் கல்யாணத்துக்கு மூச்சு முட்டினதும் இதுதானா என்று கேட்டேன். பலகையை மடக்கி மூடினார், எனக்குப் புரிந்துவிட்டது. நான் எழுந்து, அவளைப் பேச வை, இன்றைக்கே, எனக்கும் அவள் குரலைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

இன்றைக்கே ஆகவில்லை, இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டு எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறி எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் அசைகிறவரை காத்திருந்தார்கள், டிராக்டர் பேட்டரியை இறக்கினார்கள், புகை வெளியே போக நம் கூடத்துக் குளிர்கால அடுப்பின் குழாயைக் கழற்றி சைலன்சரில் மாட்டி நிலவறை ஜன்னல் வழியே வெளியே விட்டார்கள். மே ஒன்றாம் தேதி. பெட்ரோல் டப்பாவை உயரத்தில் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள், ஸ்டூல் மேல் ஏறி ரப்பர் குழாய் மாட்டின டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன், சக்களத்திக்குப் பால் ஊட்டின முதல் பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான்கு தடவை இருமினாள். ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது, முதலில் நொண்டினாள், நெர்செஸ் கார்புரேட்டரில் எதையோ திருகிக்கொண்டே "நாலு, அஞ்சு, அஞ்சு, வாடா ராஜாத்தி, ஆறு" என்று எண்ணினார். ஆறும் சேர்ந்ததும் ரந்தா, எனக்குப் பிடிக்காத வண்டிதான், ஆனாலும் சொல்கிறேன், என் முதுகுத்தண்டு சிலிர்த்துவிட்டது. மேலே அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் கிணுகிணுத்தன. மிச்சமிருந்த எண்ணெய் எரிந்து தெருவெல்லாம் வறுக்கிற வாடை, உம் நபீல் ஓடிவந்து "என்ன பொரிக்கறீங்க, எனக்குச் சொல்லாம என்ன விசேஷம்" என்று ஜன்னலில் கத்தினாள். அப்பா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கியர் போட்டார். கல்மேல் நிற்கிற வண்டி, பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் சுற்ற ஆரம்பித்தன. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. வளைவு வருகிற இடத்தில் கியரைக் குறைத்தார், மறுபடி ஏற்றினார், ஸ்டீயரிங்கை ஒடித்தார், உடம்பும் சேர்ந்து சாய்ந்தது. முழு மலையையும் ஏறினார், குளியலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் டப்பாவைப் பிடித்த கை மரத்துப்போய் அழுதேன். பெட்ரோல் தீர்ந்து தானாகவே நின்றது.

அன்றிலிருந்து அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். வண்டி பேசிவிட்டது, இவர் பேசவில்லை. மறுநாள்தான் நீ போன் பண்ணினாய், நான் வாதுமையைப் பற்றிச் சொன்னேன். புதன்கிழமை காலை குளித்து, கோட்டு போட்டுக்கொண்டு, ஷேர் டாக்ஸி பிடித்துத் திரிப்போலிக்குப் போனார், எங்கே என்று சொல்லவில்லை. மத்தியானம் வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு உறையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். பிரித்துப் பார்த்தேன். இருபத்திரண்டாம் தேதி, பெய்ரூட், பாரீஸ், ஹாலிஃபாக்ஸ், என் பேர். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். ஒரு டிக்கெட்தான்.

எழுது என்று உன் அப்பா சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். நான் தனியாக வருகிறேன் ரந்தா. தனியாக பெய்ரூட்டுக்குக்கூடப் போனதில்லை, பாரீஸில் எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது, கழுத்தில் பேர் எழுதி மாட்டிக்கொண்டு வந்தாலும் வருவேன். இத்தனை வருஷம் வெளியே போக வேண்டும் வெளியே போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, இப்போது திறந்துவிட்ட பிறகு கால் எழவில்லை. உன்னை நினைத்தால் ஓடிவர வேண்டும் போல் இருக்கிறது, படுக்கையின் அந்தப் பக்கம் குறட்டை கேட்டால் டிக்கெட்டைக் கிழிக்க வேண்டும் போல் இருக்கிறது. மூன்று மாதம் அவர் ஊசியை நேரத்துக்குப் போட்டுக்கொள்வாரா, உம் நபீல் கொண்டுவந்து தருகிற இனிப்பை வேண்டாம் என்று சொல்வாரா. ஆனால் கிழிக்க மாட்டேன். உன் கல்யாணத்தை எனக்குக் கேசட்டில் காட்டினார்கள், உன் பிள்ளையை என் கையில்தான் கொடுக்க வேண்டும். மெக்லிப் பாயசத்துக்குச் சீமைச் சீரகமும் பட்டையும் இடித்துச் சலித்துவிட்டேன், பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைக் கிளறிக் கொடுக்க உனக்கு இனிமேல் வேறு ஆள் தேட வேண்டாம்.

முந்தாநாள் நான் சமையலறை மேசைமேல் பெட்டிக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார், கையில் கிண்ணம். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தப் படியைத் தாண்டாத மனுஷன். "முஜத்தராவுக்குப் பருப்ப முதல்ல போடணுமா, அரிசியவா" என்று கேட்டார். பருப்பு என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கீழே போய் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து அடுப்புக்கு மேலே ஒட்டினார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நம் ஊர் அம்மாக்கள், பிள்ளை தனக்குப் பின்னும் வாழட்டும் என்று, "என்னை மண்ணுக்குள்ள வைக்கப் போறவளே" என்றுதான் பிள்ளைகளைக் கொஞ்சுவோம், இந்தத் தடவை அதை எழுத மாட்டேன், பிறப்புக்கு வருகிற நேரம். கன்னி மாதா உன் பிரசவத்தை மழைக்குப் பிந்தின காலை மாதிரி லேசாக ஆக்கட்டும், கமீலுக்குப் பொறுமை கொடுக்கட்டும், என் ஆயுளில் பாதியை உன் பிள்ளைக்குச் சேர்க்கட்டும். விமான நிலையத்துக்கு ஒரு தடித்த கோட்டு கொண்டுவா. நான் இறங்கினதும் அழுதால் ஏன் என்று கேட்காதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, நான் அங்கே வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தோறும் நீதான் அப்பாவுக்குப் போன் போட வேண்டும், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். பொய் சொல்வார். நம்பின மாதிரி இரு.

முத்தங்களோடு,
உன் அம்மா
விதாத்